முகத்துக்குச் சன்ஸ்கிரீன்: செட்டிநாட்டு வெயிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்காக எழுதியது. தினமும் காலையில் முகத்துக்குச் செய்கிற பராமரிப்பில் சன்ஸ்கிரீனை எங்கே, எவ்வளவு, எப்படிப் போடுவது என்பதுதான் பேச்சு. எந்த கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை. நல்ல ட்யூபை வாங்கித் தப்பாகப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

தினமும் சன்ஸ்கிரீன் போட்டும் முகம் கறுத்துக்கொண்டே போகிறது. ஏன்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவை. ட்யூபில் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 50 என்று போட்டிருக்கிறதே, அது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைத்த எண். வீட்டில் நாம் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துத் தேய்க்கிறோம். அது சோதனையில் பூசியதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் பாதி. கால் பங்கு பூசினால் அந்த 50, பத்துப் பன்னிரண்டாக இறங்கிவிடும். அதற்குக் கீழேயும் போகலாம். காசு கொடுத்தது 50-க்கு, முகத்தில் இருப்பது 10.

அடுத்தது, காலை எட்டு மணிக்குப் போட்டதை மாலைவரை நம்பியிருப்பது. மூன்றாவது, காது, கழுத்து, மூக்கோரம் என்று விட்டுப்போகிற இடங்கள். மங்கு (முகத்தில் படரும் கருந்திட்டு) இருப்பவர்களுக்கு நான்காவதாக ஒரு காரணம் உண்டு. கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சரியான அளவு எவ்வளவு?

முகத்துக்கு மட்டும் கால் டீஸ்பூன், அதாவது ஏறத்தாழ 1.25 மில்லி. கழுத்து, காது எல்லாம் சேர்த்தால் அரை டீஸ்பூன், 2.5 மில்லி.

விரல் கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடிக்கோட்டிலிருந்து நுனிவரை ஒரு கோடாகப் பிதுக்குவது. கெட்டியான க்ரீமுக்கு இது சரி. தண்ணீர் மாதிரி ஓடுகிற ஜெல், ஃப்ளூயிட் வகைக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. கோடு பரவி, நிறைய எடுத்த மாதிரி தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற அளவு மூடியைக் கழுவிக் காயவைத்து, அதில் 2.5 மில்லி கோடுவரை ஒருமுறை ஊற்றிப் பாருங்கள். அதை உள்ளங்கையில் கொட்டி, எவ்வளவு பெரிய வட்டம் என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். தினமும் அளக்கத் தேவையில்லை, கை பழகிவிடும். வீட்டு டீஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமானவை என்பதால் மூடியே நம்பிக்கையானது.

அப்படிப் பார்த்தால் ட்யூப் சீக்கிரம் தீர்ந்துவிடாதா?

தீரும். தீரத்தான் வேண்டும். 50 கிராம் ட்யூப், முகத்துக்கு மட்டும் போட்டால் சுமார் 40 வேளை. கழுத்தும் காதும் சேர்த்தால் 20 வேளை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போடுகிறவருக்குப் பத்து நாள்தான். உங்கள் 50 கிராம் ட்யூப் மூன்று மாதம் வருகிறது என்றால், கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், அளவு போதவில்லை.

இது செலவுதான், மறுக்கவில்லை. அதனால்தான் விலை உயர்ந்த சின்ன ட்யூபை வாங்கிச் சிக்கனம் பிடிப்பதைவிட, தாராளமாகப் போட மனசு வருகிற விலையில் ஒன்றை வாங்குங்கள் என்கிறோம். முழு அளவில் போட்ட எஸ்பிஎஃப் 30, கிள்ளிப்போட்ட 50-ஐவிட நிச்சயமாக மேல். கழுத்தைத் துப்பட்டாவாலோ சேலைத் தலைப்பாலோ மூடிக்கொண்டால் பாதி செலவு மிச்சம். துணி வியர்வையில் வழியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போடவும் வேண்டாம். கண்டாங்கி மாதிரி நெருங்கிய நெசவும் அடர்ந்த நிறமும் உள்ள பருத்திச் சேலையின் தலைப்பைத் தலையோடு இழுத்துப் போர்த்தினால் நல்ல மறைப்பு. துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு கசிகிறதோ, வெயிலும் அந்த வழியாக வரும்.

காலையில் எந்த வரிசையில் போடுவது?

முகம் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, சீரம் ஏதாவது இருந்தால் அதைப் போட்டு, பிறகு மாய்ஸ்சரைசர். கையில் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். அதன் மேல் சன்ஸ்கிரீன். அது படிந்து காய 15 நிமிடம். அதற்குப் பிறகுதான் பவுடர், மேக்கப், பொட்டு, வெளியே கிளம்புவது எல்லாம். பராமரிப்பு வகையில் சன்ஸ்கிரீன்தான் கடைசி. அதன்மேல் க்ரீமோ எண்ணெயோ தடவினால் படிந்த படலம் கலைந்துவிடும்.

எண்ணெய் வழிகிற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் இல்லாமலே போடலாம். இங்கே சித்திரை, வைகாசியில் பலருக்கு அதுவே வசதி.

சன்ஸ்கிரீனை மாய்ஸ்சரைசரிலோ ஃபவுண்டேஷனிலோ கலந்து பூச வேண்டாம். நீர்த்துப்போவதோடு படலமும் சீராகப் படியாது. மாய்ஸ்சரைசரில் எஸ்பிஎஃப் 15, மேலே போட்டதில் 30, ஆக 45 என்று கூட்டவும் கூடாது. அந்தக் கணக்கு தோலில் நடப்பதில்லை.

பூசும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

எடுத்த அளவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒரே தடவையில் அப்பினால் வெளுத்துத் திட்டுத்திட்டாக நிற்கும், உடனே பாதியைத் துடைத்துவிடத் தோன்றும். அந்த இடத்தில்தான் அளவு போகிறது.

முதல் பாதியை நெற்றியில் மூன்று, கன்னத்துக்கு இரண்டிரண்டு, மூக்குத்தண்டில் ஒன்று, மேலுதட்டில் ஒன்று, தாடையில் ஒன்று எனப் புள்ளி வையுங்கள். முகத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரல்களின் தட்டைப் பாகத்தால் இழுத்துப் பரப்புங்கள். தேய்த்து உள்ளே இறக்க வேண்டியதில்லை; இது மேலே படலமாக நிற்க வேண்டிய பொருள். நெற்றியில் முடி முளைக்கிற கோடுவரை போங்கள், பக்கவாட்டில் காதின் முன்வரை. ஒரு நிமிடம் விட்டு, இரண்டாவது பாதியை இதேபோல் பூசிக் கடைசியில் உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிடுங்கள். முதல் தடவையில் விட்டுப்போன இடத்தை இரண்டாவது தடவை பிடித்துவிடும். ஒரே கனமாகப் போடுவதைவிட இரண்டு பூச்சு மேல் என்பதற்கு அதுவே காரணம்.

கழுத்துக்கும் காதுக்கும் தனியாக எடுங்கள். முகத்தில் மிஞ்சியதைக் கீழே இழுத்துவிடுவது கணக்கில் வராது. வழக்கமாக விட்டுப்போகிற இடங்கள்: மூக்கு மடிப்பு, கண் இமை, காதின் மேல் விளிம்பு, காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், கொண்டை போடுகிறவர்களுக்குப் பின்கழுத்து. வகிடு என்பதும் திறந்து கிடக்கிற தோல்தான். அங்கே க்ரீம் போட்டால் முடி பிசுபிசுக்கும். குடையோ தலைப்போ போதும்.

விபூதி, குங்குமம், சந்தனம் வைக்கிறவர்கள் என்ன செய்வது?

இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. சன்ஸ்கிரீன் போட்டவுடனே மூன்று விரலால் விபூதியை இழுத்தால், ஈரமாக இருக்கிற படலத்தை அந்த மூன்று விரலும் வழித்துக்கொண்டு போகும்; விபூதி கொஞ்சம் உறிஞ்சியும் கொள்ளும். நெற்றியில் பட்டைபட்டையாகக் கறுப்பதற்கு இது ஒரு காரணம். போட்டு 15 நிமிடம் கழித்து விபூதி வையுங்கள். இழுக்காமல் ஒற்றி வைத்தால் இன்னும் நல்லது. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போய்விட்டு வந்து, விபூதியைத் துடைத்துவிட்டு மறுபடி வெயிலில் இறங்குகிறீர்கள் என்றால் நெற்றிக்கு மட்டும் ஒரு பூச்சு மறுபடியும் வேண்டும்.

குங்குமத்துக்கும் அதே 15 நிமிடம்தான். இல்லையென்றால் க்ரீமில் ஊறிக் கலங்கிவிடும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடத்தில் சன்ஸ்கிரீன் இல்லாமல் விட்டால்தான் ஒட்டும். அதில் தவறில்லை, பொட்டே மறைக்கிறது. ஆனால் பொட்டு இருந்த இடம் வெளுத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள். சில பசைகளில் இருக்கும் ரசாயனம் அந்த இடத்தின் நிறமியை அழித்துவிடும். வெளுப்பு தெரிந்தால் ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறமி போன இடம் வெயிலில் சீக்கிரம் பொசுங்கும்.

எந்த நேரத்து வெயில் கெடுதல்? எந்த மாதம்?

காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சூரியன் வருஷத்தில் இரண்டு தடவை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது: ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை. சித்திரை வெயிலுக்கு எல்லாரும் பயப்படுகிறோம். ஆவணியில் இரண்டு மழை பெய்து காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் காலம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னேபின்னே அடிக்கிற வெயிலில் புற ஊதாக் கதிர் சித்திரையைவிட ஒன்றும் குறைந்ததில்லை. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. தோல் கறுப்பது இரண்டாவதால்.

வானம் தெளிந்த நாளில் நம் பக்கம் உச்சி வேளையில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 3-க்கு மேல் போனாலே பாதுகாப்பு வேண்டும், 11-க்கு மேல் மிகத் தீவிரம். செல்போனில் வானிலைப் பக்கத்தில் யுவி இன்டெக்ஸ் என்று இதையே காட்டும்.

போன் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. இந்த ஊரில் உச்சி வேளை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. சித்திரையில் சுமார் பன்னிரண்டேகால், மாசியில் கிட்டத்தட்ட பன்னிரண்டரை. ஆகவே இரண்டு மணி வெயிலை 'இறங்கிவிட்டது' என்று நம்ப வேண்டாம். காலையில் விடியும் முன் வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்குச் சன்ஸ்கிரீன் தேவையில்லை.

நாள் முழுக்க வீட்டுக்குள்தான் இருக்கிறேன். எனக்கும் வேண்டுமா?

வீட்டுக்குள் எங்கே என்பதைப் பொறுத்தது. வளவின் நடு முற்றம் வானத்துக்குத் திறந்தது. அதைச் சுற்றித் தூண் ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்கும்போது நேர் வெயில் படாவிட்டாலும், தலைக்கு மேலே நீல வானம் தெரிகிறது இல்லையா, அங்கிருந்து சிதறி வருகிற கதிர் முகத்தில் படும். புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு இப்படி வானத்திலிருந்து சிதறித்தான் வருகிறது. வெள்ளைச் சுவரும் வெளிறிய தரையும் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும்.

எளிய சோதனை: உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறது? நிறையத் தெரிந்தால் காலையில் ஒரு பூச்சு போடுங்கள். உள்கட்டிலும் அறைக்குள்ளும் இருந்து வானமே தெரியவில்லை என்றால், மங்கு இல்லாதவர்கள் போடாமலே இருக்கலாம். இதில் நாங்கள் கண்டிப்பாகப் பேசுவதில்லை. வீணாகப் போட்டு, தேவைப்படும்போது ட்யூபில் இல்லாமல் போவது அதைவிட மோசம்.

ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் தோலைச் சிவக்க வைக்காது, ஆனால் கறுக்க வைக்கும். புற ஊதாக் கதிரில் யுவி-பி வகை பெரும்பாலும் கண்ணாடியில் நின்றுவிடும், யுவி-ஏ வகை உள்ளே வந்துவிடும். காரில் முன் கண்ணாடி நன்றாகத் தடுக்கும், பக்கக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது. மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ்ஸில் ஜன்னலோரம் போகிறவர்கள் வெயில் படுகிற பக்கக் கன்னத்தை மறக்க வேண்டாம்.

மாடியில் வடகம், வத்தல் காயவைக்கப் போவது கொஞ்ச நேரம்தானே?

பிழிய ஒரு மணி, காக்காய் விரட்ட நாலு தடவை, திருப்பிப் போட ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை. எல்லாம் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், மாசி முதல் வைகாசிவரை, நிழலே இல்லாத மொட்டை மாடியில். குனிந்து பிழியும்போது பின்கழுத்தும் காதும் வானத்தைப் பார்த்து இருக்கின்றன. வெள்ளை வேட்டி விரித்த தரையிலிருந்து கதிர் முகத்துக்கு ஏறுகிறது. ஒரு வருஷத்தில் முகம் வாங்குகிற வெயிலில் ஒரு பகுதி பல வீடுகளில் இந்த வேலையில் சேர்கிறது. ஏறுவதற்கு 15 நிமிடம் முன்பே பூசுங்கள், தலைப்பைப் பின்கழுத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். முடிந்தால் பிழிகிற வேலையை ஏழரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாவைத் தொடுங்கள்.

மறுபடி எப்போது போடுவது? வியர்வையின் மேலேயே போடலாமா?

வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். வியர்த்து வழிந்தாலோ முகத்தைத் துடைத்தாலோ அதற்கு முன்பே. வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டவையும் 40 நிமிடம், அல்லது 80 நிமிடம் தண்ணீரில் நிற்பதைத்தான் சொல்கின்றன. நாள் முழுக்க அல்ல. உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் காலையில் ஒன்று, மதியம் வெளியே இறங்கும் முன் ஒன்று போட்டால் போதும்.

வியர்வை மேல் போட்டால் வழுக்கிக்கொண்டு திட்டாக நிற்கும். பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். இரண்டு நிமிடம் காற்றாடியில் நின்றுவிட்டுப் போடுங்கள். மேக்கப் மேல் ஸ்டிக் வகை வசதி. ஆனால் ஒரு இழுப்பு போதாது, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு தடவை போய்வர வேண்டும். பவுடர் வகையில் தேவையான அளவு ஏறவே ஏறாது. ஸ்ப்ரேயை நேரே முகத்தில் அடித்தால் மூச்சில் போகும்.

எஸ்பிஎஃப் 30 போதுமா, 50 வேண்டுமா? பிஏ என்றால் என்ன?

முழு அளவில் போட்டால் 30 என்பது யுவி-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் சின்னது. ஆனால் நம் கை குறைத்தே போடும் என்பது தெரிந்ததுதான். அந்தக் குறைக்கு ஈடாக 50 வாங்குவது நியாயம்.

எஸ்பிஎஃப் யுவி-பிக்கு மட்டும். கறுக்க வைக்கிற, சுருக்கம் கொண்டுவருகிற யுவி-ஏக்கு பிஏ எண்ணிக்கையைப் பாருங்கள். நம் வெயிலுக்கு பிஏ+++-க்குக் கீழே இறங்க வேண்டாம், ++++ இருந்தால் நல்லது. பிஏ இல்லாமல் ஒரு வட்டத்துக்குள் யுவிஏ என்று அச்சிட்டிருந்தால் அது ஐரோப்பிய முறை; யுவி-ஏ பாதுகாப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று பொருள்.

முகம் வெள்ளை பூத்த மாதிரி ஆகிறது. எதை மாற்றுவது?

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள மினரல் வகை நம் நிறத்தில் வெளுத்துத் தெரியும். எரிச்சல் குறைவு என்பது அதன் நல்ல பக்கம். நிறம் கலந்த டின்டட் வகையை எடுத்தால் வெளுப்பு போகும். மற்றபடி கெமிக்கல் வகை ஜெல்லுக்கு மாறலாம். மினரல் கதிரைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும், கெமிக்கல் உறிஞ்சும் என்று சொல்வது பாதிதான் சரி. மினரலும் பெரும்பாலும் உறிஞ்சித்தான் வேலை செய்கிறது. வெளுப்புக்குப் பயந்து அளவைக் குறைப்பதற்குப் பதில் வகையை மாற்றுங்கள்.

மங்கு இருக்கிறது. சாதாரண சன்ஸ்கிரீன் போதுமா?

போதாது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே, அதிலும் நீலப் பகுதி, நம் மாதிரி மாநிற, கறுப்புத் தோலில் மங்கைக் கிளப்பிவிடும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த டின்டட் சன்ஸ்கிரீன் தடுக்கும். பின்பக்கப் பொருள் பட்டியலில் அயர்ன் ஆக்சைட்ஸ் என்று இருக்கிறதா, அல்லது சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மங்கு இருப்பவர்கள் வீட்டுக்குள்ளும் போட வேண்டும். மருத்துவர் கொடுக்கிற இரவு க்ரீம் எதுவானாலும், பகலில் இது இல்லாமல் பலன் நிற்காது.

மஞ்சள், தேங்காய் எண்ணெய் போதாதா? எங்கள் ஆச்சி அதைத்தான் பூசினார்கள்.

ஆச்சிமார் மஞ்சள் பூசிக் குளித்தார்கள், தலைப்பை இழுத்துப் போர்த்தினார்கள், உச்சி வேளையில் உள்கட்டில் இருந்தார்கள். பாதுகாத்தது பின்னவை இரண்டும். மஞ்சளிலோ தேங்காய் எண்ணெயிலோ வெயிலைத் தடுக்கப் போதுமான சக்தி இல்லை. மஞ்சள் குளியலை விட வேண்டியதில்லை. நன்றாகக் கழுவிவிட்டுச் சன்ஸ்கிரீன் போடுங்கள்.

எலுமிச்சையை மட்டும் முகத்தில் தேய்க்கவே வேண்டாம். அதன் சாறும் தோல் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளித்து, மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு விழும்.

பூசினதும் திரிதிரியாக உருண்டு வருகிறதே?

கீழே போட்டது காயவில்லை, அல்லது அடுக்கு அதிகம், அல்லது தேய்க்கிறீர்கள். சீரம் ஒன்றைக் குறைத்து, மாய்ஸ்சரைசரைக் கொஞ்சமாகப் போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, இழுத்து அழுத்திப் பாருங்கள். அப்படியும் உருண்டால் கீழே உள்ள பொருளும் மேலே உள்ளதும் ஒன்றுக்கொன்று சேரவில்லை, ஒன்றை மாற்றுங்கள்.

வியர்வையோடு கண்ணில் வழிந்து எரிகிறது.

புருவத்துக்குக் கீழே, கண்ணைச் சுற்றி மட்டும் மினரல் ஸ்டிக்கைப் பயன்படுத்துங்கள். அது அதிகம் வழியாது, எரிச்சலும் குறைவு. நெற்றியில் வாட்டர் ரெசிஸ்டன்ட் வகை. கூலிங் கிளாஸ் போட்டால் இமையும் மறையும்.

வேர்க்குரு, பரு வருகிறவர்கள்?

நான்-காமிடோஜெனிக் (தோல் துளையை அடைக்காதது) என்று போட்ட ஜெல் அல்லது ஃப்ளூயிட். இரவில் சரியாகக் கழுவாததும் பருவைக் கூட்டலாம். சன்ஸ்கிரீனை நிறுத்தும் முன் அதைச் சரிசெய்யுங்கள். பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையோ அடாபலீன், ட்ரெட்டினாயின் க்ரீமோ எடுப்பவர்களின் தோல் வெயிலை இன்னும் தாங்காது, கட்டாயம் போட வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் இப்படித்தான்.

ஆண்களுக்கு?

அதே அளவு, அதே முறை. ஷேவ் செய்தவுடன் எரியும், பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். காதும் பின்கழுத்தும் முடி உதிர்ந்த உச்சியும் சேர்த்தி. ஆத்தங்குடிக் கல் காயவைக்கிற முற்றத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம் வேண்டாம், சிமெண்ட் தூள் அதில் ஒட்டி அரிக்கும். காய்ந்து போகிற ஜெல், அதோடு விளிம்பு அகலமான தொப்பி.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

நம் ஊரிலிருந்து பழனி மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து இருக்கிறது. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே காலையில் முதுகுக்குப் பின்னால், மதியம் இடது பக்கம், மாலையில் முகத்துக்கு நேரே. காலைக்குப் பின்கழுத்தும் காதும், பகல் நடைக்கு இடது கன்னமும் இடது காதும், மூன்று மணிக்கு மேல் மூக்கும் கன்னமும் முதலில் வாங்கும். தை மாதக் காற்று குளுமையாக இருப்பதால் பொசுங்குவது இரவில்தான் தெரியும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பூச்சு, முகமும் கழுத்தும் காதும் சேர்த்து 7.5 மில்லி. ஆறு நாள் நடைக்கு 50 கிராம் ட்யூப் ஒன்று சரியாக இருக்கும். குடும்பத்துக்கே ஒரு ட்யூப் என்று போனால் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். கஞ்சி குடிக்க, இளைப்பாற நிற்கிற இடங்களையே மறுபூச்சு நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைத்துண்டை நனைத்துக் கட்டினால் குளிர்ச்சி, ஆனால் நனைந்த வெள்ளைத் துணி வெயிலைத் தடுப்பது குறைவு. இரண்டு மடிப்பாகப் போடுங்கள். உதட்டுக்கு எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம்.

குழந்தைகளுக்கு? கர்ப்பிணிகளுக்கு?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம், நிழலும் துணியும்தான். அதற்கு மேல் மினரல் வகை. கர்ப்பிணிகள் மினரல் டின்டட் எடுக்கலாம். மங்கு வருகிற காலமும் அதுதான் என்பதால் விடக் கூடாது.

வைட்டமின் டி குறைந்துவிடாதா?

வழக்கமாக நாம் போடுகிற விதத்தில் முகத்துக்குப் போட்டதால் குறைவதில்லை. கையும் காலும் வெயிலில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் மாத்திரை இருக்கிறது; முகத்தைக் காயவைப்பது அதற்கு வழியல்ல.

மருந்துக்கடையில் வெள்ளையாக்கும் க்ரீம் கொடுத்தார்கள். அதன் மேல் சன்ஸ்கிரீன் போடலாமா?

முதலில் அந்த ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும். நிறுத்தினால் பரு பொங்கும். இதில் பிள்ளைகள் படுகிற வேதனை பெரிது. சன்ஸ்கிரீன் இதைச் சரிசெய்யாது. மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் ட்யூபோடு போங்கள்.

இரவில் எப்படி எடுப்பது?

சாதாரண ஜெல் என்றால் ஒரு ஃபேஸ்வாஷ் போதும். வாட்டர் ரெசிஸ்டன்ட், மினரல் வகைக்கு முதலில் க்ளென்சிங் எண்ணெயோ மைசெல்லர் தண்ணீரோ போட்டுத் துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ். பரு வராத தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் ஆகும்.

ட்யூபை எங்கே வைப்பது?

பைக் பெட்டியிலும் காரிலும் வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாகப் பிரியும். குலுக்கினாலும் பழைய பதத்துக்கு வராது. வீட்டில் பீரோவுக்குள் வைத்தால் போதும். ட்யூபில் திறந்த டப்பா படத்தில் 12 என்று இருந்தால் திறந்து 12 மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அளவாகப் போடுகிறவருக்கு இந்தத் தேதி வரவே வராது.

வெள்ளை வேட்டி, சட்டைக் காலரில் ஆரஞ்சு நிறக் கறை விழுகிறது. துவைத்தால் இன்னும் அதிகமாகிறது.

சன்ஸ்கிரீனில் இருக்கும் அவோபென்சோன் என்ற பொருள், தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து துருநிறமாக மாறுவதுதான் இது. போர் தண்ணீரில் இரும்பு அதிகமுள்ள வீடுகளில் அதிகம் வரும். துவைக்கும்போது புதிதாக இரும்பு சேர்வதால் கறை கூடுகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் ஆழமாகப் பதியும். கறை மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து, கொஞ்சம் உப்புத் தூவி, அரைமணி ஊறவைத்துக் கழுவுங்கள். பழைய கறைக்குத் துருக்கறை நீக்கி கடையில் கிடைக்கும். பிறகு முடிந்தால் மழைத் தண்ணீரிலோ இரும்பு குறைந்த தண்ணீரிலோ அலசுங்கள். இனி வராமலிருக்க, பூசிய 15 நிமிடம் காய்ந்த பிறகு சட்டையை மாட்டுங்கள். வாங்கும்போது பட்டியலில் அவோபென்சோன் இல்லாததாகப் பாருங்கள். சில ட்யூபில் ப்யூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்று நீளப் பெயரில் இருக்கும், இரண்டும் ஒன்றே.